கை ஓட்டத்தை ஏன் ஒளித்து வைக்கிறார்கள்? நிர்வாகக் கோட்பாட்டு வரலாற்றில் ஒரு சந்தேகம்

ரிங்பிரேம்_ராத்திரி | செவ்வாய், இரவு 2.40

நைட் ஷிப்டில் டீ நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் சூப்பர்வைசர் நான். ஆலைப் பெயர் வேண்டாம். தபால் வழியில் எம்பிஏ படிக்கிறேன். அடுத்த மாதம் முதல் தாள், நிர்வாகக் கோட்பாட்டின் வளர்ச்சி.

பாடப் புத்தகம் மாடிப்படி மாதிரி போகிறது. முதல் படியில் அமெரிக்கப் பொறியாளர் டெய்லர், மனிதனை இயந்திரமாக நினைத்தார். அடுத்த படியில் மேயோ, அவனுக்கும் மனசு இருக்கிறது என்றார். அதற்கு மேல் மாஸ்லோ, மெக்கிரகர். உச்சியில் ஜப்பான். ஒவ்வொருவரும் முந்தையவர் தப்பைத் திருத்திக்கொண்டே வந்தார்களாம். சரி என்று படித்துவிட்டு ஷெட்டுக்குள் போனால், அங்கே இன்னும் முதல் படி தான்.

போன மாதம் வேலை அளவு எடுக்க வெளியிலிருந்து ஆள் வந்தார்கள். நூலை முறுக்கிச் சுற்றுகிற ரிங் பிரேம் இயந்திரத்தில் அறுந்த இழையை ஒட்டுவது தான், அதன் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிற சைடர் வேலையில் பெரும்பங்கு. ஸ்பின்டிலை நிறுத்தி, பாபினில் நூல் முனையைத் தேடி எடுத்து, டிராவலர் என்கிற சின்ன வளையத்தில் கோத்து, நூலுக்கு வழிகாட்டுகிற லாப்பெட் கொக்கியில் நுழைத்து, ரோலர் வாயில் தொட்டுவிட வேண்டும். என் ஷிப்டில் ஒரு அக்காவுக்கு இதெல்லாம் சேர்த்து எட்டு நொடி. கை போவதே கண்ணுக்குத் தெரியாது. மற்றவர்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆகும். அளக்க வந்தவர்கள் நின்ற மூன்று நாளும் அந்த அக்காவும் பன்னிரண்டு நொடி தான் எடுத்தார். நான் தான் பெருமைக்கு, "இவங்க எட்டு செகண்ட்ல போடுவாங்க சார்" என்று வாயை விட்டேன்.

அடுத்த வாரமே ஆளுக்குப் பிரேமில் ஒரு பக்கம் கூடுதலாக வந்து சேர்ந்தது. எச்ஓகே, அதாவது நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி என்கிற கணக்கு, அழகாகிவிட்டது. அந்த அக்கா இப்போது என்னிடம் பேசுவதில்லை. தண்ணீர் டிரம் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

டெய்லருக்குப் பிறகு இத்தனை பேர் வந்தார்களே, இதை யாராவது தீர்த்தார்களா?

---

பாளை_வாத்தியார் | செவ்வாய், காலை 6.15

தம்பி, பரீட்சையில் மாடிப்படியையே எழுதுங்கள், மார்க் அதற்குத் தான். இங்கே மட்டும் வேறு மாதிரி பேசுவோம்.

முதலில் அந்தப் படி வரிசையே பின்னால் வந்தவர்கள் கட்டியது. டெய்லரின் புத்தகம் 1911. பிரான்சில் சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோலின் 14 கொள்கைகள் 1916. அதிகார அமைப்பைப் பற்றி ஜெர்மனியில் மாக்ஸ் வெபர் எழுதியது அவர் இறந்த பிறகு 1922-ல் வந்தது. மூன்று பேரும் மூன்று நாட்டில் மூன்று விதமான தலைவலிக்கு மருந்து தேடினார்கள். ஒருவரைத் திருத்த இன்னொருவர் வரவில்லை. 1961-லேயே அமெரிக்க நிர்வாகவியல் பேராசிரியர் ஹெரால்டு கூன்ட்ஸ் இந்தத் துறையைக் 'காடு' என்றார். காட்டுக்குப் படிக்கட்டு ஏது?

இப்போது உங்கள் அக்கா. அவர் செய்தது டெய்லருக்குத் தெரியாத சங்கதி இல்லை, அவர் ஆரம்பித்த இடமே அது தான். ஃபிலடெல்ஃபியாவில் மிட்வேல் எஃகாலையில் கடைசல் பட்டறை வேலையிலிருந்து மேலே வந்தவர் அவர். தொழிலாளிகள் முழு வேகத்தைக் காட்டாமல் ஒரே அளவில் நிறுத்திக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஏன் என்பதையும் நேர்மையாக எழுதினார்: எவனாவது கூட உற்பத்தி செய்து கூடச் சம்பாதித்தால் முதலாளி துண்டுக் கூலியைக் குறைத்துவிடுகிறான், ஒருமுறை சூடு கண்டவன் மறுபடி கையைக் காட்ட மாட்டான். சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை, அவன் கணக்குச் சரி என்று ஒப்புக்கொண்டவர் டெய்லர்.

அவர் சொன்ன வைத்தியத்தில் இரண்டு பாகம். ஒன்று, ஊகத்தை விட்டுவிட்டு ஸ்டாப்வாட்ச் வைத்து அள. இரண்டு, அளந்து கூலி போட்ட பிறகு அதைக் குறைக்காதே. முதல் பாகத்தை உலகமே எடுத்துக்கொண்டது. இரண்டாவது பாகத்தை உங்கள் ஆலையில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

---

தச்சை_டீக்கடை | செவ்வாய், காலை 9.02

வாத்தியாரே, அந்த இரும்புக்கட்டி தூக்கிய ஆள் கதையும் இவர் தானே? கணக்குப் போட்டேன். 1899, பெத்லகேம் ஆலை. ஒரு கட்டி 92 பவுண்டு, நம்ம கணக்கில் 42 கிலோ. முன்னால் ஆளுக்கு ஒரு நாளில் 12½ டன். டெய்லர் சொன்னபடி நட, சொன்னபடி உட்கார் என்றதும் 47½ டன், அதாவது 1156 கட்டி. கூலி 1.15 டாலரிலிருந்து 1.85.

வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே. அல்வா கொடுக்கிறதை நம்ம ஊர் தலையில் கட்டுகிறார்களே, இது எந்த ஊர் அல்வா அண்ணாச்சி?

---

பாளை_வாத்தியார் | செவ்வாய், காலை 9.40

பெத்லகேம் அல்வா. அந்த ஆளைப் புத்தகத்தில் 'ஷ்மிட்' என்கிறார், உண்மைப் பெயர் ஹென்றி நோல். மாட்டுக்குச் சமமான மந்தபுத்திக்காரன் தான் இந்த வேலைக்குத் தோது என்று பொதுவாக ஒரு வரி எழுதுகிறார். ஆனால் சில பக்கம் முன்னால் அதே ஷ்மிட் ஒரு துண்டு நிலம் வாங்கி, வேலைக்கு முன்னும் பின்னும் தன் வீட்டுச் சுவரைத் தானே எழுப்பிக்கொண்டிருந்தான் என்றும் எழுதியிருக்கிறார். சொந்த வீட்டைத் தானே கட்டுகிறவன் மந்தபுத்தியா?

கம்பெனி ஆவணங்களைப் பின்னாளில் தோண்டியவர்கள், அந்தக் கதையே மேடைக்காக மெருகேற்றியது என்று காட்டினார்கள். அதனால் எண்களைக் கொஞ்சம் உப்புப் போட்டே சாப்பிடுங்கள்.

---

முக்கூடல்காரி | செவ்வாய், இரவு 9.25

இந்த உரையாடலை அலுவலகத்தில் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா பீடி சுற்றித் தான் என்னைப் படிக்க வைத்தாள். நானும் பத்தாவது வரை மடக்குப் போட்டவள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராத்திரியே இலையை நனைத்துச் சாக்கில் பொதிந்து வைக்க வேண்டும். காலையில் தகர அளவை இலை மேல் வைத்துக் கத்தரியால் வெட்டுவது. அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்து, சுளகை மடியில் வைத்து, தூளைப் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்குவது. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத் தான். எத்தனை மணி நேரம் ஆனது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பீடிக்கடையில் கட்டுகளைக் கொடுத்தால் அடுத்த நாளைக்கு இலையும் தூளும் நிறுத்துத் தருவார்கள். சூட்சுமம் இலையில் இருக்கிறது. ஆயிரத்துக்கு இவ்வளவு கிராம் என்று கணக்கு. ஓட்டை இலை வந்தால் பற்றாது, கைக்காசு போட்டு வாங்க வேண்டும். நல்ல இலை வந்தால், கத்தரி பிடிக்கத் தெரிந்தவளுக்குக் கொஞ்சம் மிச்சம் விழும். அம்மா வெட்டினால் மற்றவர்களுக்கு இரண்டு விழுகிற இலையில் மூன்று விழும். அந்த மிச்சத்தை ஒருநாளும் கடையில் சொன்னதில்லை. மோசமான இலை வருகிற நாளைக்கு என்று அரிசிப் பானைக்குப் பின்னால் போகும்.

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த மதினி ஒருத்தி, நல்ல பேர் வாங்கலாம் என்று மிச்ச இலையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அப்ப இவ்வளவு போதும் போலிருக்கே" என்று அடுத்த வாரம் எல்லோருக்கும் எடை குறைந்தது. தெருவில் யாரும் அவளைத் திட்டவில்லை. ஆனால் பொங்கல் வரைக்கும் ஒருத்தியும் அவள் திண்ணையில் சுளகோடு போய் உட்காரவில்லை. எதிர்வீட்டு ஆச்சி மட்டும், "கூறு கெட்டவளே, கைய ஏன்ட்டி காட்டுன?" என்று கேட்டாள்.

ரிங்பிரேம் அண்ணே, நீங்கள் செய்ததும் அது தான். அந்த அக்காவின் மிச்ச இலையை எடுத்துக் கடையில் கொடுத்துவிட்டீர்கள்.

டெய்லர் கதையைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னது: "இதுக்கா அமெரிக்காக்காரன் புஸ்தகம் போட்டான்?"

---

பாளை_வாத்தியார் | புதன், காலை 6.30

உங்கள் அம்மாவுக்கு ஒரு கும்பிடு. அந்தத் திண்ணையை அப்படியே சிகாகோவுக்குக் கொண்டுபோகலாம்.

சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஹாதார்ன் ஆலை, டெலிபோன் சாமான்கள் செய்வது. 1924-ல் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத் தொடங்கிய சோதனைகள் 1932 வரை போயின. 1927-ல் ரிலே என்கிற மின் சுவிட்சுகளைக் கோக்கிற பெண்கள் ஆறு பேரைத் தனி அறையில் வைத்து, ஓய்வு நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறியது. எல்டன் மேயோ இதற்குள் நுழைவது 1928-ல். அக்கறையாகக் கவனித்தார்கள், அதனால் மனம் மலர்ந்து வேலை கூடியது என்று பாடப் புத்தகம் சொல்லும். அது சொல்லாமல் விடுகிற இரண்டு விஷயம் உண்டு. பேச்சு அதிகம், ஒத்துழைப்பு இல்லை என்று அந்தப் பெண்களில் இரண்டு பேரை 1928 தொடக்கத்தில் வெளியே அனுப்பி வேறு இருவரைப் போட்டார்கள். அதோடு கூலிக் கணக்கையும் அந்தச் சின்னக் குழுவுக்கு மட்டும் தனியாகப் பிரித்தார்கள், கூட உழைத்தால் நேரே கைக்கு வரும்படி. மனம் மலர்ந்ததா, மடி நிறைந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த அறை. 1931-32-ல் கம்பி இணைக்கிற ஆண்கள் 14 பேரைச் சும்மா உட்கார்ந்து கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு தான் என்று அவர்களுக்குள் ஒரு அளவு. மீறி வேகமாகப் போகிறவன் புஜத்தில் ஒரு குத்து விழும். மேலே போய்ச் சொல்கிறவனுக்கு மரியாதை கிடையாது. கேட்டால், அதிகம் செய்தால் ரேட்டைக் குறைப்பான், ஆளைக் குறைப்பான் என்றார்கள்.

டெய்லர் ஐம்பது வருஷம் முன்னால் பார்த்த அதே ஒளிப்பு. மேயோவின் ஆட்கள் இதை 'உணர்ச்சியின் தர்க்கம்' என்று பெயரிட்டு ஒதுக்கினார்கள், அறிவோடு சேர்க்கவில்லை. என்னைக் கேட்டால் இந்த ஒரு இடத்தில் டெய்லர் மேயோவை விட நேர்மையானவர்.

---

சங்குச்சத்தம்72 | புதன், பகல் 11.50

மில் வேலையில் முப்பத்தாறு வருஷம் கிடந்தவன் நான். எங்கள் காலத்து ஸ்டாப்வாட்ச், மேஸ்திரியின் கண் தான். ஆள் எடுப்பதும் அவர், லீவு கொடுப்பதும் அவர், தீபாவளிக்குக் கோழி வாங்குவதும் அவர்.

எல்லோரும் சிகாகோ, ஃபிலடெல்ஃபியா என்கிறீர்கள். 1880-களிலேயே ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீர் விசையை நம்பி ஆலை போட்டுவிட்டார்கள். அவர்களுடைய தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27-ல் வேலைநிறுத்தம். அப்போது தூத்துக்குடியும் திருநெல்வேலி ஜில்லா தான், 1986-ல் தான் பிரிந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை லீவு, இதெல்லாம் தான் கேட்டது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12-ல் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள், மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது.

உங்கள் கோட்பாட்டுப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி உண்டா தம்பி? தொழிலாளிக்கு மனசு இருக்கிறது என்று கண்டுபிடிக்க மேயோ வர வேண்டியிருந்ததா?

---

பாளை_வாத்தியார் | புதன், பகல் 1.10

அண்ணாச்சி, ஒரு வரி கூடக் கிடையாது. அதே 1908-ல் தான் ஃபயோல் தன் கொள்கைகளை முதன்முதலாகச் சுரங்கப் பொறியாளர் மாநாட்டில் பேசுகிறார். ஹார்வர்டு வணிகப் பள்ளி திறந்ததும் அந்த வருஷம். மேலே இருந்து பார்த்தவர்கள் எழுதினார்கள், அது பாடமானது.

டெய்லர் முறையையே தொழிலாளிகள் ஒருமுறை வெளியே தள்ளினார்கள். 1911-ல் மாசசூசெட்ஸில் வாட்டர்டவுன் ராணுவ ஆயுதப் பட்டறை. வார்ப்புத் தொழிலாளி ஒருவர் கடிகாரத்தின் முன் வேலை செய்ய மாட்டேன் என்றார், வேலை போனது. கூட இருந்தவர்கள் வெளியே நடந்துவிட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழு டெய்லரைக் கூப்பிட்டு நாள்கணக்கில் விசாரித்தது. அப்புறம் ராணுவப் பட்டறைகளில் ஸ்டாப்வாட்ச் ஆய்வுக்குப் பணம் கிடையாது என்று சட்டத்திலேயே சேர்த்தார்கள்.

---

பொருநைச்_செல்வன் | புதன், மாலை 4.00

இதெல்லாம் வெள்ளைக்காரன் நேற்று எழுதியது. ராஜராஜன் பெரிய கோயிலை நிர்வாகக் கோட்பாடு இல்லாமலா கட்டினான்? ஆயிரம் வருஷம் முன்னாலேயே நம்மிடம் இருந்தது.

---

முக்கூடல்காரி | புதன், மாலை 4.35

அண்ணே, ஆச்சி வைக்கிற சொதிக்கு ஈடு கிடையாது. அதற்காக ஆச்சி சமையல் கலை வரலாறு எழுதினாள் என்று சொல்ல முடியுமா? நிர்வாகம் நடந்தது வேறு, அதைத் தனியாகப் பிடித்துப் பாடமாக்கியது வேறு.

---

கங்கைகொண்டான்_பி_ஷிப்ட் | புதன், இரவு 11.20

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. எங்களிடம் உச்சிப்படி, அதாவது ஜப்பான், சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறது. மாதம் ஆளுக்கு இரண்டு கைசன் சீட்டு, அதாவது வேலையை மேம்படுத்த யோசனை எழுதிய சீட்டு, கட்டாயம். குப்பைத் தொட்டியை இந்தப் பக்கம் வைத்தால் நேரம் மிச்சம் என்று போன மாதம் எழுதினேன். இந்த மாதம் அந்தப் பக்கம் வைத்தால் மிச்சம் என்று எழுதினேன். இரண்டுக்கும் கைதட்டல்.

லைனை நிறுத்துகிற கயிறும் உண்டு. இழுத்தால் யார் யார் ஓடி வருவார்கள் என்று தெரியும், அதனால் யாரும் இழுப்பதில்லை.

---

பாளை_வாத்தியார் | வியாழன், காலை 6.20

டொயோட்டாவில் அந்தக் கயிற்றுக்கு அர்த்தம் வேறு. பழுது தெரிந்தால் லைனில் நிற்கிறவரே நிறுத்தலாம், அதற்காக அவர் பேர் கெடாது. அந்த உத்தரவாதத்தை விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் இறக்குமதி செய்தால் கொடி காயப்போடத் தான் ஆகும்.

இன்னொரு வேடிக்கை. ஜப்பானுக்கு 1950-ல் தரக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பாடம் எடுக்கப் போன அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங், இளைஞராகக் கோடை விடுமுறையில் வேலை பார்த்தது மேயோவின் அதே ஹாதார்ன் ஆலையில். தரம் தடம் மாறுவதைக் காட்டுகிற கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-ல் வரைந்த ஷூவார்ட்டும் அந்தக் கம்பெனி ஆள் தான். 'மனித உறவு' ஒரு அறையில், 'புள்ளியியல்' இன்னொரு அறையில். இதில் எது மேல்படி, எது கீழ்ப்படி?

---

முக்கூடல்காரி | வியாழன், காலை 10.05

சார், இதில் பெண்கள் எல்லாம் சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் மட்டும் தானா? எழுதியவர்கள் யாரும் இல்லையா?

---

பாளை_வாத்தியார் | வியாழன், பகல் 1.30

உண்டு. லில்லியன் கில்பிரெத். கணவர் ஃபிராங்க் கொத்தனாராக ஆரம்பித்தவர். செங்கல் வைக்க 18 அசைவு ஆவதை ஐந்துக்குக் கொண்டுவந்தார்கள். முக்கியமான வித்தை சாதாரணமானது: செங்கல்லைத் தரையில் குவிக்காமல் இடுப்பு உயரப் பலகையில் வைத்தால் ஒவ்வொரு கல்லுக்கும் குனிய வேண்டாம். டெய்லர் நொடியை எண்ணினார், இவர்கள் முதுகைப் பார்த்தார்கள். நிர்வாக உளவியல் பற்றி லில்லியன் 1914-ல் புத்தகம் எழுதியபோது, பெண் என்று தெரியக் கூடாதென்று பதிப்பகம் பெயரை எல்.எம். என்று முதலெழுத்தாகச் சுருக்கியது.

மேரி பார்க்கர் ஃபாலெட் இன்னொருவர். ஒருவர் மேல் அதிகாரம் செய்வது வேறு, ஒருவரோடு சேர்ந்து அதிகாரம் கொள்வது வேறு என்று 1920-களில் பேசினார். அவர் 1933-ல் இறந்த பிறகு பல பத்தாண்டுகள் யாரும் தேடவில்லை.

---

முக்கூடல்காரி | வியாழன், இரவு 8.50

அம்மாவுக்கு இடுப்பு போய் ஆறு வருஷம் ஆகிறது. முப்பது வருஷம் காலை நீட்டி உட்கார்ந்ததில், ஒருவர் கூடச் செங்கல் பலகை மாதிரி ஒன்றை யோசிக்கவில்லை. ஆயிரத்துக்குக் கூலி என்பதால் முதுகு யார் கணக்கிலும் வரவில்லை போல.

---

ரிங்பிரேம்_ராத்திரி | வெள்ளி, இரவு 3.05

எல்லோருக்கும் நன்றி. மதினி கதையைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது வாத்தியாரே, யாராவது தீர்த்தார்களா?

---

பாளை_வாத்தியார் | வெள்ளி, காலை 6.40

தீர்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் தொழிலிலேயே, நம் நாட்டிலேயே, ஒருமுறை கிட்டத்தில் போனார்கள்.

1951-ல் லண்டனில் மனித உறவுகளை ஆராய்கிற டாவிஸ்டாக் நிறுவனத்தின் டிரிஸ்ட்டும் பாம்ஃபோர்த்தும் நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி எழுதினார்கள். புது இயந்திரம் வந்ததும், சின்னக் குழுவாக முழு வேலையும் பார்த்தவர்களைத் துண்டு துண்டாகப் பிரித்ததால் வந்த நாசத்தைச் சொன்னார்கள். அதே நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் 1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு வந்தார். தானியங்கித் தறி ஷெட். 224 தறி, 29 ஆள், அதற்குள் 12 வகை வேலை. இழை ஒட்டுகிறவர் வேறு, எண்ணெய் போடுகிறவர் வேறு, கூட்டுகிறவர் வேறு. யாரும் ஒரு தறிக்கு முழுசாகப் பொறுப்பில்லை. இத்தனை தறிக்கு இந்தக் குழு, உள்ளே யார் எதைச் செய்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று ரைஸ் சொன்னதும், குழுக்களைத் தொழிலாளிகளே பேசிப் பிரித்துக்கொண்டார்கள். உற்பத்தித் திறன் கூடியது, துணிச் சேதம் குறைந்தது.

எரிக் மில்லர் 1970-ல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, ஒரு ஷெட்டில் அது நிலைத்திருந்தது, மற்ற இடத்தில் பழையபடி ஆகியிருந்தது.

நீங்கள் மில்லை மாற்ற முடியாது. அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம், அதுவும் நோட்டு இல்லாமல்.

---

சங்குச்சத்தம்72 | வெள்ளி, காலை 8.15

முதலில் மன்னிப்புக் கேளும். கேள்வி அப்புறம்.

---

ரிங்பிரேம்_ராத்திரி | திங்கள், இரவு 2.50

கேட்டேன் அண்ணாச்சி. இரண்டு நாள் பதில் இல்லை. நேற்று டாஃபிங் (நிரம்பிய பாபின்களைக் கழற்றுவது) முடிந்ததும் அவராகவே, "கேளும்" என்றார்.

ஒட்டுவதில் பிரச்சினை இல்லையாம். பாபின் டிராலியில் ஒரு சக்கரம் சுற்றுவதில்லை, பிரேம் முழுக்க இழுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. மூலையில் ஹியூமிடிஃபையர் அடைத்துக் கிடப்பதால் அந்தப் பக்கம் மட்டும் இழை அதிகம் அறுகிறது. "எட்டு செகண்ட் எண்ணினீரே, அங்கன எத்தனை தடவை அறுதுன்னு எண்ணினீரா?" என்றார்.

நேற்று ராத்திரி ஸ்நாப் ஸ்டடி மாதிரி நடந்து, நிற்கிற ஸ்பின்டில்களைப் பக்கவாரியாக எண்ணினேன். 1930-களில் இங்கிலாந்துப் பருத்தி ஆலைகளுக்காக டிப்பெட் கண்டுபிடித்த முறை என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆளை நிறுத்தி அளக்க வேண்டாம், சுற்றி வந்து எண்ணினால் போதும். அந்த மூலையில் மற்ற இடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தாளை மேலே கொடுத்திருக்கிறேன். கூடுதல் பக்கத்தைத் திரும்ப எடுப்பார்களா தெரியாது. அக்கா பெயரை எங்கும் எழுதவில்லை.

---

சங்குச்சத்தம்72 | திங்கள், காலை 7.30

டிராலிச் சக்கரம்?

---

ரிங்பிரேம்_ராத்திரி | திங்கள், காலை 8.05

ஸ்டோர்ஸில் இன்டென்ட் போட்டாச்சு. பேரிங் ஸ்டாக் இல்லையாம். ஜங்ஷன் பக்கம் எங்காவது கிடைக்குமா என்று ஷிப்ட் முடிந்து போய்ப் பார்க்கிறேன்.